பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைக் காயவைத்து விற்காதீர்கள்: எங்கள் பால் சங்க நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பால் உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கைக் காயவைத்து, கட்டிகளை உடைத்து, புதிதாக வந்த புண்ணாக்கோடு சரிபாதியாகக் கலந்து, உறுப்பினர்களுக்குப் பாதி விலையில் கொடுப்பது என்று போன மாதக் கூட்டத்தில் முடிவெடுத்தீர்கள். அதற்கான பணத்தைப் பால் பட்டுவாடாவில் பிடிக்கவும் ஆரம்பித்துவிட்டீர்கள். அந்த முடிவை ரத்து செய்யச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன். கூட்டத்தில் நான் எழுந்து பேசியபோது, "மாடு திங்கிறதுக்குப் போய் இவ்வளவு பாக்கணுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பேச்சு அதோடு நின்றுவிட்டது. உங்களில் பலரை மாமா, அண்ணன் என்று கூப்பிட்டுப் பழகியவள் நான். கூட்டத்தில் முடிக்க முடியாததை எல்லாரும் படிக்கும்படி எழுதிவைக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் நம் பழனி மலையின் மேல்மலையில் மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குடோன் தகரம் ஒழுகுவதும் புதுச் செய்தி இல்லை, போன வருடமே சொன்னோம். மூட்டைகள் வெறும் சிமெண்டுத் தரையில், சுவரை ஒட்டி அடுக்கப்பட்டிருந்தன. அடியில் கிடந்த சாக்குகள் தரை ஈரத்தை இழுத்தன, மேலே கிடந்தவை ஒழுகலில் நனைந்தன. கடைசியாக நான் வாங்கிவந்த மூட்டையைப் பிரித்தபோது புண்ணாக்கு கட்டி கட்டியாக இறுகியிருந்தது. உடைத்த இடத்தில் பச்சையும் மஞ்சளுமாகத் தூள் பறந்தது. மக்கிய வாடை. உள்ளே கையை விட்டால் வெதுவெதுவென்று சூடு.

அந்தச் சூட்டை மறந்துவிடாதீர்கள். "நம்ம ஊர்க் குளிருக்கு விஷப் பூஞ்சணம் வராது" என்று கூட்டத்தில் சொல்லப்பட்டது. அதில் பாதி உண்மை உண்டு. அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சைச் சுரக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சைக்கு வெப்பம்தான் பிடிக்கும். சுமாராக 25 முதல் 35 டிகிரி வரை அது நஞ்சை அதிகமாகச் சுரக்கும். ஆனால் நம் புண்ணாக்கு இந்த மலையில் விளைந்ததில்லையே. கீழே கடலைக் காட்டிலேயே, காய் முற்றும் சமயத்தில் வறட்சி அடித்தாலோ, பறித்துக் காயப்போட்ட நேரத்தில் மழை பிடித்தாலோ, பூஞ்சை காய்க்குள் புகுந்துவிடுகிறது. நல்ல பருப்பு நல்ல விலைக்குப் போய்விட, சொத்தையும் சுருங்கலும் ஆட்டுவதற்கு வருகின்றன. எண்ணெய் பிழியும்போது நஞ்சில் பெரும்பகுதி எண்ணெயோடு போவதில்லை, புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. வத்தலக்குண்டு தாண்டி லாரி மலையேறும்போதே அது மூட்டைக்குள் இருக்கலாம். இங்கே வந்து நனைந்து, நெருக்கி அடுக்கிய அடுக்கின் நடுவில் தானாகச் சூடேறினால், வெளியே உறைபனி விழுந்தாலும் மூட்டைக்குள் சமவெளி வெப்பம்தான்.

குளிரில் வளரும் பூஞ்சைகளும் இருக்கின்றன. ஃபியூசேரியம் வகைகள் குளிர்ந்த ஈரத்திலும் வளர்ந்து ஸீரலெனோன் என்ற நஞ்சைச் சுரக்கும். அது உடம்பில் பெண்மைச் சுரப்பைப் போல வேலை செய்து சினைப் பருவத்தைக் குழப்பிவிடும். ஊசி போட்டும் சினை நிற்காமல் மாடு திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வருகிறது என்று நம் உறுப்பினர்கள் எத்தனை பேர் புலம்புகிறார்கள்! அதற்குப் பத்துக் காரணம் இருக்கலாம். தீவனம் அதில் ஒன்றா என்று யாரும் பார்த்ததில்லை.

அடுத்து, வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்ற பேச்சு. உங்கள் முடிவே இதன்மேல்தான் நிற்கிறது. காயவைத்தால் பூஞ்சை வளர்வது நிற்கும், உண்மைதான். ஆனால் அதுவரை அது சுரந்துவைத்த நஞ்சு எங்கே போகும்? அடுப்பை அணைத்துவிட்டால் சட்டியில் கருகிய குழம்பு நல்ல குழம்பாகிவிடுமா? அஃப்ளடாக்ஸின் சிதைய 230 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும் என்கிறார்கள். நேரடி வெயில் மேலாகப் பரப்பிய தூளில் கொஞ்சம் குறைக்கும், கட்டியின் உள்ளே இருப்பதை நம்பும்படி குறைக்காது. நமக்கோ மழைக்காலம் முடிந்தும் பனிமூட்டம் விலகவே முற்பகல் ஆகிறது. தட்டிப் புடைத்தால் கண்ணுக்குத் தெரியும் பூஞ்சணம் போகும், அவ்வளவுதான். பூஞ்சணமே தெரியாத புண்ணாக்கிலும் நஞ்சு இருக்கலாம், பூஞ்சணம் தெரியும் புண்ணாக்கில் இல்லாமலும் போகலாம். மோந்து பார்த்தும் வாயில் போட்டுப் பார்த்தும் சொல்லிவிட முடியாது.

கடலைப் புண்ணாக்குக்கும் இந்த நஞ்சுக்கும் உள்ள உறவு ஒன்றும் புதிதில்லை. இந்த நஞ்சை உலகம் கண்டுபிடித்ததே கடலைப் புண்ணாக்கில்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்தன. என்ன நோய் என்றே தெரியாமல் தேடியவர்கள், கடைசியில் பிரேசிலிலிருந்து தீவனத்துக்காக வந்த கடலைப் புண்ணாக்கில் போய் நின்றார்கள். அதில் வளர்ந்திருந்த பூஞ்சையின் பெயரிலிருந்துதான் அஃப்ளடாக்ஸின் என்ற பெயரே வந்தது.

நம் நாட்டில் இது மனிதர்களையும் கொன்றிருக்கிறது. 1974-ல் அறுவடை நேரத்தில் பெய்த மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு, ராஜஸ்தானின் பான்ஸ்வாராவிலும் குஜராத்தின் பஞ்ச்மஹாலிலும் ஏறத்தாழ 400 பேர் நோயில் விழுந்தார்கள். மஞ்சள் காமாலை கண்டு, வயிற்றில் நீர் கோர்த்து, 106 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பழங்குடி மக்கள், அந்தச் சோளத்தை விட்டால் வேறு தானியம் இல்லாதவர்கள். அந்த வீடுகளின் நாய்களுக்கும் அதே நோய் வந்தது. பூஞ்சணம் என்று தெரிந்தும் சாப்பிடுகிறவர்கள் எப்போதும் வேறு வழியில்லாதவர்கள்தான். நீங்கள் பாதி விலை என்று சொன்னதும் முதலில் கை நீட்டியவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஒற்றை மாடு வைத்திருப்பவர்கள், பூண்டு விலை இறங்கியதில் கையில் காசில்லாதவர்கள்.

"மாடுதானே திங்குது" என்ற பேச்சுக்கு வருகிறேன். மாடு தின்பது மாட்டோடு நிற்பதில்லை. பசுவின் கல்லீரல், அஃப்ளடாக்ஸினில் பி1 என்ற வகையை எம்1 என்ற வேறொரு வடிவமாக மாற்றி மடி வழியாக வெளியே அனுப்புகிறது. கெட்ட புண்ணாக்கைத் தின்ற ஒரு நாளுக்குள் பாலில் எம்1 வந்துவிடும். நல்ல தீவனத்துக்கு மாற்றினால் மூன்று நான்கு நாளில் மறைந்துவிடும். இதைவிட நல்ல செய்தி இந்த விஷயத்தில் இல்லை. நிறுத்தினால் உடனே பலன் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு கிலோ பாலில் எம்1 இருக்கக்கூடிய உச்ச அளவு 0.5 மைக்ரோகிராம். பூஞ்சணம் நன்றாகப் பிடித்த கடலைப் புண்ணாக்கில் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் பி1 இருப்பது நடக்காத காரியம் அல்ல. ஒரு மாடு நாளுக்கு இரண்டு கிலோ புண்ணாக்கு தின்றால் 1000 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. அதில் பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு எம்1 ஆகப் பாலுக்கு வரும். நல்ல கறவை மாட்டில் இன்னும் கூடும். அப்படியானால் 10 முதல் 20 மைக்ரோகிராம். மாடு பத்து லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 1 முதல் 2 வரை. வரம்பைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு! இப்போது நீங்கள் சொன்னபடி சரிபாதி கலப்போம். கலக்கும் புதுப் புண்ணாக்கில் நஞ்சே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 0.5 முதல் 1 வரை வரும். அப்போதும் வரம்பிலோ அதற்கு மேலேயோதான் நிற்கிறோம். ஐரோப்பிய நாடுகளில் நச்சுத் தீவனத்தை நல்ல தீவனத்தோடு கலந்து அளவைக் குறைப்பதற்கே சட்டத்தில் தடை. பாலுக்கு அவர்கள் வைத்திருக்கும் வரம்பு நம்முடையதில் பத்தில் ஒரு பங்கு, 0.05.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று தள்ளிவிடவும் முடியாது. 2018-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு, தரநிர்ணய ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைப் பரிசோதித்தது. 368 மாதிரிகளில் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. மாநிலங்களில் எண்ணிக்கையில் அதிகம் தமிழ்நாட்டில்தான்: 551 மாதிரிகளில் 88, ஏறத்தாழ ஆறில் ஒன்று. கறந்த பச்சைப் பாலைவிடப் பதப்படுத்திய பாலில்தான் கூடுதலாகக் கிடைத்தது. அது தீவனத்தின் வழியாக வருகிறது என்று ஆணையமே சொன்னது. காய்ச்சினால் போகாது. தயிராக உறை ஊற்றினாலும் தங்கும். பாலாடைக்கட்டியில் பாலில் இருந்ததைவிடச் செறிவாகும். தண்ணீர் கலந்த பாலைக் கண்டால் கொதித்துப்போகிற நாம், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

அது உடம்பை என்ன செய்யும் என்றும் சொல்ல வேண்டும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகமை அஃப்ளடாக்ஸினை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகையில் வைத்திருக்கிறது. அடிபடுவது கல்லீரல். உள்ளே வந்த நஞ்சைக் கல்லீரல் உடைக்கப் போகும்போது அது இன்னும் கொடிய வடிவம் எடுத்து, உயிரணுவின் மரபுப்பொருளில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்து ஆபத்து பல மடங்காகிறது. பாலில் வரும் எம்1-க்கு பி1-ஐப் போலப் பத்தில் ஒரு பங்கு வீரியம்தான் என்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு டம்ளர் பாலில் யாரும் விழுந்துவிடப் போவதில்லை. ஆனால் பாலை அன்றாடம் குடிப்பது யார்? தாய்ப்பால் மறந்த குழந்தை, பிள்ளைத்தாய்ச்சி, படுக்கையில் கிடக்கும் பெரியவர். கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் உள்ளே போவதுதான் இந்த நஞ்சின் வழி. ஆப்பிரிக்காவில் பெனின், டோகோ நாடுகளில் சிறு பிள்ளைகளின் ரத்தத்தைப் பரிசோதித்தபோது, அஃப்ளடாக்ஸினின் தடம் அதிகமாக இருந்த பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். அங்கே அது மக்காச்சோளக் கூழ் வழியாகப் போனது. நம் ஊரில் ஒருவருக்குக் கல்லீரல் கெட்டுப்போனால் "குடிச்சிருப்பான்" என்று முடித்துவிடுகிறோம். ஒரு வாய் குடிக்காத பெண்களுக்கும் வந்திருக்கிறது. அவர்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை.

என் வீட்டுச் சங்கதியையும் எழுதுகிறேன். எங்களிடம் கறவை இரண்டு, கிடேரிக் கன்று ஒன்று. மழை தொடங்கியபோது சங்கத்தில் வாங்கிய மூட்டை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அது பாதி தீர்ந்திருக்கும்போது மூத்த மாடு தீனியைத் தள்ளிவிட்டது. பால் பாதியாக இறங்கியது. கன்றுக்கு முடி சிலிர்த்து, கழிச்சல் பிடித்து, வயிறு ஒட்டிப்போனது. வந்து பார்த்த கால்நடை மருத்துவர் மாட்டின் கண் இமையை விரித்துப் பார்த்துவிட்டு, "என்ன தீவனம் போடுறீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். புண்ணாக்கை அடியோடு நிறுத்தச் சொன்னார். தவிடும் பருத்திக்கொட்டையும் கொடைக்கானலில் ரொக்கத்துக்கு வாங்கிப் போட்டோம். மாடு மெல்லத் தீனி எடுத்தது. கன்று இன்னும் தேறவில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு மாடு சினை கலைந்தது. புண்ணாக்குதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. பரிசோதிக்காதவரை இல்லை என்று உங்களாலும் நிரூபிக்க முடியாது. சந்தேகம் இருக்கும்போது நஷ்டத்தை உறுப்பினர் தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

பரிசோதனைக்குச் செலவாகும் என்றீர்கள். தினமும் விடியற்காலையில் நாங்கள் கொண்டுவரும் பாலில் கொழுப்பு பார்க்கிறீர்கள், எஸ்.என்.எஃப். என்கிற கொழுப்பல்லாத திடச்சத்தும் பார்க்கிறீர்கள். ஒரு பாயின்ட் குறைந்தாலும் விலையில் பிடிக்கிறீர்கள். அதை நான் குறை சொல்லவில்லை, செய்ய வேண்டியதுதான். ஆனால் எங்களிடமிருந்து வாங்குவதை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் சங்கம், எங்களுக்கு விற்பதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைப் பரிசோதிக்கும் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள கோழிப் பண்ணைக்காரர்கள் மக்காச்சோளத்துக்கு ஈரப்பதமும் அஃப்ளடாக்ஸினும் பார்த்து வாங்குவது வழக்கம். கோழிக்கு அவர்கள் பார்ப்பதைக் குழந்தைகள் குடிக்கும் பாலுக்கு நாம் பார்க்கக் கூடாதா? கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தரநிலையே இருக்கிறது: பி1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமுக்குள், ஈரப்பதம் 11 சதவீதத்துக்குள். அதைக் கையில் வைத்துக்கொண்டு மில்காரரிடம் பேசலாம். மொத்தமாக லோடு எடுக்கும் சங்கத்துக்கு அந்தப் பலம் உண்டு. ஒரு மூட்டை வாங்கும் எனக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லார் பாலும் ஒரே கேனில்தான் சேர்கிறது. இந்தப் புண்ணாக்கை வாங்காமல் ஒதுங்கியவர் பாலும், வாங்கிப் போட்டவர் பாலும் சேர்ந்துதான் கீழே போகிறது. அதனால் "வேண்டாதவங்க வாங்காதீங்க" என்று நீங்கள் சொன்னது பதிலாகாது.

நான் கேட்பவை இவை.

கலந்ததும் கலக்காததுமாக குடோனில் இருக்கும் அந்த லோடு முழுவதின் விற்பனையை இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கிப் போனவர்களிடம் ஆள் விட்டுச் சொல்லித் திரும்ப வாங்குங்கள், பட்டுவாடாவில் பிடித்த பணத்தை அடுத்த பட்டுவாடாவிலேயே திருப்பிக் கொடுங்கள். திரும்ப வந்ததைக் கோழிக்கென்றோ பன்றிக்கென்றோ வேறு யாருக்கும் விற்கக் கூடாது. உறுப்பினர்கள் முன்னால் ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும்.

புதைப்பதற்கு முன் மாதிரி எடுத்து நாமக்கல்லுக்கு அனுப்புங்கள். ஒரே மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளினால் போதாது. இந்த நஞ்சு எல்லா இடத்திலும் சமமாக இருக்காது, ஒரு கட்டியில் குவிந்திருக்கும், பக்கத்துக் கட்டியில் இருக்காது. பல மூட்டைகளில், மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துக் கலந்து அனுப்ப வேண்டும். மாதிரி எடுக்கும்போது உறுப்பினர்களில் இரண்டு பேரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். முடிவு எதுவானாலும் பால் ஊற்றும் இடத்தில் எல்லாரும் படிக்கும்படி ஒட்டுங்கள். நம் கேன் பாலிலும் எம்1 ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

இனி வாங்கும் ஒவ்வொரு லோடுக்கும் மில்காரரிடம் அஃப்ளடாக்ஸின் பரிசோதனைச் சான்று கேளுங்கள். இல்லையென்றால் லோடை இறக்காதீர்கள். சங்கத்துக்கு ஓர் ஈரப்பதமானி வாங்குங்கள். அடுத்த ஐப்பசிக்கு முன் குடோன் தகரத்தை மாற்றி, மூட்டைகளைத் தரையிலிருந்து உயர்த்தி மரச்சட்டத்தில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். மழை மாதங்களில் மொத்தமாக இருப்பு வைக்காமல் தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். சங்கத்தில் அதற்குப் பணம் இல்லையென்றால், தீபாவளி போனஸில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள நான் சம்மதிக்கிறேன். மற்றவர்களிடமும் பேசுகிறேன்.

போன மாதத் தீர்மானத்தை ரத்து செய்து, பொதுப் பேரவையைக் கூட்டி இதை உறுப்பினர்கள் முன் வையுங்கள். அடுத்த பட்டுவாடா நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் என்னிடம் எடுத்துவைத்திருக்கும் மூட்டையிலிருந்து மாதிரியை நானே நாமக்கல்லுக்கு அனுப்பி, வரும் அறிக்கையை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
பழனி மலையின் மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து,
உங்கள் சங்கத்துக்குப் பால் ஊற்றும் உறுப்பினர்